ஒஷினோவின் இடது புருவம்

அசாகுசா கன்னோன் கோயிலின் பின்வாசலிலிருந்து ஆற்றுத்துறைக்கு இறங்குகிற வழியில் ஒஷினோவின் தேநீர்க் கடை. நான்கு பெஞ்சு, ஒரு அடுப்பு, அம்மாவும் மகளும். தேநீர் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பெண்ணின் வாய்தான் பிரமாதம். "மூணு கிண்ணம் ஆச்சு. நாலாவது வேணுமா, இல்ல பெஞ்சு உங்களை விட மாட்டேங்குதா?" என்று சிரிக்காமல் கேட்பாள். இந்தக் குத்தலைக் கேட்டு வாங்கிக்கொள்வதற்கென்றே வருகிறவர்கள் உண்டு.

அந்த வருஷம் புத்தாண்டுக்குப் படக்கடை நியேமோன் ஒஷினோவை அச்சுப் படமாகப் போட்டார். இடுப்புக்கு மேலே மட்டும், கையில் தேநீர்த் தட்டு. எடோ நகரத்து அழகிகளின் படங்களை வரிசையாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை பேருக்கும் ஒரே முகம்தான். வெள்ளரி விதை போல நீண்ட முகம், மூக்குக்கு ஒரு கோடு, கண்ணுக்கு இரண்டு கீற்று, ஒரு அரிசி நுழையுமா என்கிற மாதிரி வாய். பெண்ணின் பேரைப் படத்தில் போடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வேறு. இவள் ஒஷினோ, அவள் வேறொருத்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தோளில் இருக்கிற குடும்ப முத்திரையை வைத்துத்தான். ஒஷினோ வீட்டு முத்திரை மூன்று கொடியிலை. அதைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம ஒஷினோ, அச்சா அப்படியே இருக்கா" என்று வாங்கிப் போனார்கள். முத்திரையைக் கையால் மூடிக்கொண்டு கேட்டிருந்தால் ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

நியேமோன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இலை சிவக்கிற மாதத்தில் ஒருநாள் அவர் கடை வாசலில் நின்று பார்த்தபோது, எதிர்க்கடையில் ஒஷினோ மாசிக்காய்ப் பொடி வாங்கிக்கொண்டிருந்தாள். அதை இரும்புத் தண்ணீரில் குழைத்துப் பல்லில் பூசினால் பல் கறுக்கும். பல்லைக் கறுப்பாக்குகிறவள் கல்யாணமானவள். நியேமோனுக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. ஒஷினோவுக்கு அம்மா ஒருத்தி இருக்கிறாள், முப்பது வருஷமாகப் பூசிக்கொண்டிருக்கிறாள், முழங்கால் வலி என்று மகளைக் கடைக்கு அனுப்பியிருக்கிறாள் என்பதெல்லாம் அவசரக்காரர்களுக்குத் தோன்றாது.

உடனே அச்சுக்கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு, செதுக்குகிற ரின்சோவின் வீட்டுக்கு ஓடினார்.

"ரின்சோ, ஒஷினோவுக்குக் கல்யாணம். வேற எவனும் போடறதுக்கு முன்னால நம்ம படம் வரணும்."

"புதுக் கட்டைன்னா பதினஞ்சு நாளாகும் முதலாளி. அதுவும் ஓவியர் ஹகோனேல வெந்நீர் ஊத்துல காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கறாரு."

"புதுசு யாரு கேட்டா? இதுலயே பல்லைக் கறுப்பாக்கு. போதும்."

ரின்சோ கட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "வாய் மூடியிருக்கே. பல்லுக்கு எங்க போறது?"

நியேமோன் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "அப்ப புருவத்தை எடு. புருவம் இல்லேன்னா புருஷன் இருக்கான்னு அர்த்தம். எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றில்லை. ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், ரின்சோவின் மனைவி ஒமினே, அந்த நேரம் பொதுக் குளியலறையில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புருவத்துக்கு நாற்பது முடி, ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கிற மாதிரி செதுக்க ரின்சோவுக்கு இரண்டு நாள் பிடித்திருந்தது. எடுக்க, ஒரு தடவை புகை பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. உளியால் நாலு தள்ளு. கட்டையில் ஒஷினோவின் நெற்றி வழுவழுவென்று ஆகிவிட்டது.

என் கண்ணுகளா, எங்கள் ஊரில் பெண்ணின் முகமே ஒரு செய்தித்தாள் மாதிரி. பல் கறுத்தால் கல்யாணம் ஆயிற்று. புருவம் போனால் பிள்ளை உண்டாயிற்று. ஒஷினோவின் தலையிலோ கன்னிப்பெண் கொண்டை, தோளிலோ அப்பா வீட்டு முத்திரை, நெற்றியிலோ புருவம் இல்லை. நாலே நாளில் இருநூறு படம் விற்றுத் தீர்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கடையில் அவள் தட்டோடு நிமிர்ந்தால் பெஞ்சில் இருக்கிறவர்களின் கண் அவள் இடுப்புப் பட்டைக்குப் போயிற்று. ஊறுகாய் போட்ட உமே காயை ஒரு கிழவர் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து நீட்டினார். "வெச்சுக்கம்மா. வாய்க்குப் புளிப்பு கேக்கும்." இன்னொருத்தர், "கனத்தைத் தூக்காத, கெட்டிலை நான் எடுத்துக்கறேன்" என்று எழுந்து வந்து கையைச் சுட்டுக்கொண்டார்.

"புருவம் மூஞ்சியிலேயே இருக்கே, தெரியலையா?" என்றாள் ஒஷினோ.

"அது மை தீட்டினதுன்னு சொல்லிக்கறாங்க" என்றார் கையைச் சுட்டுக்கொண்டவர், ஊதிக்கொண்டே.

முதலில் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு நின்றது ஜின்பாச்சியின் நாய் வந்தபோது.

ஜின்பாச்சி கவாகோயே படகுக்காரன். மேலே அவன் ஊரிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பெட்டிகளும் ஏற்றி ஆற்றோடு வருவான், படகை அசாகுசாத் துறையில் கட்டிவிட்டு நேரே ஒஷினோவின் கடைக்கு வந்து மூன்று கிண்ணம் தேநீர் குடிப்பான். பெரிய தோள், சின்னப் பேச்சு. "நாளைக்கு மழை வரும்" என்பான். அல்லது "வராது" என்பான். எட்டு மாதம் அவர்கள் இரண்டு பேரும் பேசியது பூராவும் வானத்தைப் பற்றி. ஆனால் கடைசியாக வந்தபோது எழுந்து நின்று, கிண்ணத்தைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை வரும்போது உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றான்.

"மழையைப் பத்தியா?"

"இல்ல" என்றான். காதெல்லாம் சிவந்திருந்தது.

அதற்கப்புறம் பெருமழை. ஆறு கரை புரண்டு ஒரு மாதம் படகே வரவில்லை. ஒஷினோ அந்த ஒரு மாதமும் தினம் துறைப் பக்கம் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். அவன் என்ன பேசப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். தான் என்ன சொல்லப் போகிறோம் என்பதும் தெரியும். கேள்வி மட்டும்தான் வர வேண்டும்.

வந்தது நாய். அவள் கிணற்றடிக்குப் போயிருந்த சமயம், ஜின்பாச்சியின் கூட்டாளி ஒருவன் ஒரு கூடை கிழங்கையும் அதன் மேல் ஒரு காகித நாயையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளை நாய், சிவப்புக் கழுத்துப் பட்டை. நாய்க்குக் குட்டி போடுவது எத்தனை லேசோ அத்தனை லேசாக உனக்கும் பிரசவம் ஆகட்டும் என்று கர்ப்பிணிக்குக் கொடுக்கிற நாய்.

"ஜின்பாச்சி கொடுக்கச் சொன்னானாம். நல்லபடியா இருங்கன்னு சொல்லச் சொன்னானாம்" என்றாள் அம்மா. "அவன் ஏண்டி வரல?"

ஒஷினோ துறைக்கு ஓடினாள். படகு நடு ஆற்றுக்குப் போய்விட்டது. இனி ஆறு நாள் கழித்துத்தான் வரும்.

அவள் அழவில்லை. நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படத்தின் மூலையில் இருந்த செதுக்குகிறவர் முத்திரையை விசாரித்து, ரின்சோவின் வீட்டில் போய் நின்றாள். நாயை அவர் வேலைப் பலகை மேல் வைத்தாள்.

"மாமா, இது என்ன?"

ரின்சோ உளியைக் கீழே வைத்தார். "நாய்."

"யாருக்குக் குடுப்பாங்க?"

"பிள்ளைத்தாய்ச்சிக்கு."

"எனக்கு வந்திருக்கு. நான்தான் ஒஷினோ. என் புருவத்தை நீங்கதானே எடுத்தீங்க? எனக்கு யாரைக் கட்டி வெச்சீங்கன்னு பேரையாவது சொல்லிடுங்க. பிள்ளை பொறந்தா கேக்கும்ல."

உள்ளே கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஒமினே கத்தியோடு வெளியே வந்தாள். விஷயம் முழுவதையும் கேட்டாள். புருஷனைப் பார்த்தாள்.

"புருவத்தை எடுத்தீங்களா?"

"முதலாளி சொன்னாரு."

"பல்லுக்குக் கல்யாணம், புருவத்துக்குப் பிள்ளை. என் பல்லு கறுத்து ஆறு வருஷம் கழிச்சு, நம்ம பெரியவ வயித்துல வந்தப்புறம்தானே என் புருவம் போச்சு? என் மூஞ்சியைத் தினம் பாக்கறீங்களா, இல்லையா?"

"பாக்கறேன்" என்றார் ரின்சோ.

"எங்க பாக்கறீங்க? முப்பது வருஷமா பொம்பளை மூஞ்சியா செதுக்கித் தள்ளறீங்க. எல்லாம் காகிதத்தைப் பாத்து. எதிர்ல உட்கார்ந்து சோறு போடறவளுக்குப் புருவம் இருக்கா இல்லையான்னு தெரியாது." பிறகு ஒஷினோ பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ உட்காரும்மா. ஏம்மா, அந்தப் பையன் வர்ற அன்னிக்குத் துறைக்குப் போய், எனக்குக் கல்யாணமும் ஆகல, ஒரு மண்ணும் ஆகலன்னு சொல்லிட்டா முடிஞ்சுதே?"

"அது எப்படி அத்தை சொல்றது? எனக்குப் புருஷன் இல்லேன்னு நானே தேடிப் போய்ச் சொன்னா என்ன அர்த்தம்? நீ வந்து என் புருஷனா ஆயிக்கன்னு அர்த்தம். பேசணும்னு சொன்னது அவரு. அவரு வாயாலதான் வரணும். நானா போய் நின்னா, எழுபது வயசு வரைக்கும் 'நீதானே வந்து கேட்டே'ன்னு சொல்லிக் காட்டுவாரு."

ஒமினே கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுல அப்படித்தான் நடக்குது" என்றாள்.

"பொய் சொன்னது படம். நிஜத்தையும் அதுவே சொல்லட்டும். அவரு வர்றதுக்குள்ள என் புருவம் துறையில தொங்கணும். ஆறு நாள் இருக்கு."

ரின்சோவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் நியேமோனுக்கு. ஆள் அனுப்பிக் கூப்பிட்டதும் வந்தவர், மூன்றாவது தடவை அச்சடிக்கக் காகிதம் நனைத்துப் போட்டிருப்பதாகவும், இந்தப் புருவமில்லாத படம் மாதிரி ஒரு படம் இந்த வருஷம் ஓடவில்லை என்றும் சொன்னார்.

"அப்படியா முதலாளி" என்றாள் ஒமினே. "படத்து மூலையில வட்டமா ஒரு முத்திரை இருக்கே, மேலிடத்துல பாத்து ஒத்துக்கிட்டோம்னு. அவங்க பாத்தப்போ புருவம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"புருவம் இல்லாம அவங்க பாத்தாங்களா?"

நியேமோன் விசிறிக்கொண்டிருந்த விசிறி நின்றுவிட்டது. பார்த்ததை மாற்றிவிட்டு அதே முத்திரையோடு விற்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். படக்காரர்களின் கையில் விலங்கு மாட்டி ஐம்பது நாள் வீட்டில் உட்கார வைத்ததெல்லாம் அப்போது நடந்துகொண்டிருந்த காலம்.

"புருவத்தை வெச்சிடு ரின்சோ" என்றார். "ரெண்டையும்."

எடுத்த மரத்தை எப்படித் திரும்ப வைப்பது என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்கு ஒரு வழி இருக்கிறது. புருவம் இருந்த இடத்தில் கட்டையைச் சின்னக் குழியாகத் தோண்டி, அதே செர்ரி மரத்தில் ஒரு துண்டை ஆப்பு போல இறுக்கி அடித்து, மட்டம் செய்து, அதன் மேல் புதிதாகச் செதுக்க வேண்டும். இழை இழையோடு சேர வேண்டும். ஒரு நூல் பிசகினால் நெற்றியில் கீறல் விழும். ரின்சோ மூன்று நாள் கேட்டார். பழைய படம் ஒன்றை வெட்டி, புருவத்தை மட்டும் மரத்தின் மேல் ஒட்டிக்கொண்டார்.

ஒஷினோ தினம் காலையில் வந்து எதிரே உட்கார்ந்தாள். கடையை அம்மா பார்த்துக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா? நான் செஞ்சு தரேன்."

"போன தடவை நான் இல்லாதப்பதானே எடுத்தீங்க. இந்தத் தடவை இருக்கேன்."

வலது புருவம் முதல் இரண்டு நாளில் முடிந்தது. பழைய படத்தில் இருந்தபடியே, பிறை மாதிரி, சாந்தமாக. மூன்றாம் நாள் இடது புருவம். அன்று காலை ரின்சோ உளியைத் தீட்டினார், பின்பு இன்னொரு உளியைத் தீட்டினார், பின்பு முதல் உளியையே மறுபடியும் தீட்டினார். ஒஷினோ பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய இடது புருவம் மட்டும் மெதுவாக மேலே ஏறியது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, அது மட்டும் ஏறி நின்றது. ரின்சோ நிமிர்ந்தார், பார்த்தார். ஒமினே சொன்னது மனதில் கிடந்ததோ என்னவோ, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். குனிந்து இரண்டு முடி செதுக்கினார். மறுபடியும் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மத்தியானம் வரை நிமிர்வதும் செதுக்குவதுமாகவே இருந்தார்.

முதல் அச்சை எடுத்துப் பார்த்தபோது நியேமோன் உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டின காகிதத்தைப் பாத்து செதுக்கலையா நீ? இடது பக்கம் ஒரு அரிசி அளவு மேல நிக்குதே."

"நிக்குது" என்றார் ரின்சோ. அவருக்கே கொஞ்சம் திகைப்புத்தான்.

"அழகின்னா புருவம் ரெண்டும் சமமா இருக்கணும். இது என்ன, வாங்க வர்றவனைப் பாத்து உனக்கு என்ன வேணும்னு கேக்கற மாதிரி இருக்கு."

"அதைத்தானே அவ கேக்கறா?" என்றாள் ஒமினே.

மறுபடியும் தோண்ட நேரம் இல்லை. படகு வர இரண்டு நாள்தான் இருந்தது. நியேமோன் தலையில் கையை வைத்துக்கொண்டு நூறு படம் மட்டும் அடிக்கச் சொன்னார். ஒஷினோ முதல் இருபதை எடுத்துக்கொண்டு போய், துறையில் கயிறு விற்கிற கடையின் வாசலில் கொடி கட்டித் தொங்கவிடச் செய்தாள். மீதியைத் தன் படக்கடையில் தொங்கவிட்டுவிட்டு, யாரும் வாங்க மாட்டார்கள் என்று நியேமோன் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் அவரை எழுப்பியது வாசலில் கேட்ட சிரிப்பு. படத்தைப் பார்த்து நின்ற ஒரு தச்சன், பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நேத்து நாலாவது கிண்ணம் கேட்டேன். இப்படித்தாண்டா பாத்தா." முத்திரை தெரியாத வெளியூர்க்காரர்கள்கூட, கோயிலுக்குப் போகிற வழியில் அவளைத் தாண்டியதும் திரும்பி நின்று, "அந்தப் படம் நீயா?" என்று கேட்டார்கள். உமே காய்க் கிழவர் வந்து பொட்டலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நியேமோன் மறுநாள் இருநூறுக்குச் சொல்லி அனுப்பினார். அதெல்லாம் அவர் பாடு. ஒஷினோவுக்கு அந்தப் படத்தை ஒரே ஒருவன் பார்த்தால் போதும்.

ஆறாம் நாள் காலையில் படகு வந்தது. துறையில் மூட்டை இறக்குகிற சத்தம் கடைக்குக் கேட்டது. ஜின்பாச்சி வரவில்லை. கோயில் மணி அடித்தது, வரவில்லை. ஒஷினோ ஒரே கெட்டிலை ஐந்தாவது தடவை தேய்த்தாள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கிண்ணம் காலியாகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா மட்டும், "என்னால இதைப் பாத்துக்கிட்டிருக்க முடியாது" என்று துண்டை எடுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குக் கிளம்பிவிட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஜின்பாச்சி மேட்டில் ஏறி வந்தான். வேகமாக வந்தான், கடை வாசலில் நின்றுவிட்டான். கையில் படம்.

"உட்காருங்க" என்றாள் ஒஷினோ.

அவன் உட்காரவில்லை. "காலையிலேருந்து படகுலதான் இருந்தேன். ஊர்ப் பக்கம் திரும்பிப் பாக்க வேணாம்னு. இப்பதான் கூட்டாளி இதைக் கொண்டாந்து காட்டினான்."

"சரி."

"கவாகோயேல வேற படம் ஒண்ணு பாத்தேன். முத்திரை உங்களோடது. மூஞ்சி யாரோடதோ. முத்திரையை நம்பிட்டேன். ரெண்டு நாள் சோறு இறங்கல." படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுல முத்திரையை நான் பாக்கவே இல்ல. மூஞ்சியைப் பாத்தேன், என்னைத் திட்டற மாதிரி இருந்துச்சு. வந்துட்டேன்."

ஒஷினோ ஒரு கிண்ணம் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். கிண்ணம் வழிந்து தட்டில் சிந்தியது. "கல்யாணமும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று அவள் சொல்லவில்லை. தச்சன் சொன்னான். "ஒண்ணும் ஆகலப்பா" என்றான், பக்கத்துப் பெஞ்சிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ஒஷினோ. ஜின்பாச்சியிடம், "என்னவோ பேசணும்னு சொல்லிட்டுப் போனீங்க" என்றாள்.

"ஆமா."

பெஞ்சில் ஒருவரும் உறிஞ்சவில்லை. ஜின்பாச்சி வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு மேகம்கூட இல்லை. குனிந்துகொண்டான்.

"எனக்குக் கவாகோயேல வீடு இருக்கு. ஆனா உங்களுக்கு இங்க கடை இருக்கு. அம்மா இருக்காங்க. அதைத்தான் எட்டு மாசமா யோசிச்சேன். அப்புறம் தோணுச்சு, படகு ரெண்டு பக்கமும் போகுது. எந்தப் பக்கம் இறங்கறமோ அதுதான் வீடு. நான் இங்க இறங்கிக்கறேன். நீங்க சரின்னா."

இவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. உமே காய்க் கிழவர் மூக்கைச் சிந்தினார்.

ஒஷினோ தட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "அம்மா குளிக்கப் போயிருக்காங்க. வந்ததும் அவங்ககிட்டக் கேளுங்க. நேரா நின்னு கேளுங்க. நான் சரின்னு சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க."

"சரின்னு சொல்றீங்களா?"

"அதைத்தான் சொல்ல வேணாம்னு சொல்றேன்."

ஜின்பாச்சிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் உட்கார்ந்தான். முத்திரையும் முகமும் ஒருத்திக்கே உரியவையான அந்தப் படத்தைச் சுருட்டி, கழுத்துக்குக் கீழே அங்கிக்குள் செருகிக்கொண்டு, குளியலறைப் பக்கமாகப் பார்த்தபடியே தேநீரைக் குடிக்க ஆரம்பித்தான்.

அம்மாவுக்கு அன்றைக்கு என்று பார்த்துக் குளிக்க வெகு நேரம் ஆயிற்று.